பைனாகுலருக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு வரும் வாட்ஸப் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, பறவை பார்க்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நல்ல பைனாகுலரா ஒண்ணு சொல்லுங்க. பட்ஜெட் கொஞ்சம் கம்மிதான்." 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சிலரை ஏரிக்கரைக்கு இழுத்து வருகிறது. வேடந்தாங்கல் கரையில் நின்றுகொண்டு, தூரத்து மரத்தில் வெள்ளையாகத் தெரிவது கரண்டிவாயனா அரிவாள் மூக்கனா என்று புரியாமல் தவித்துவிட்டு வந்த மறுநாளே இந்தக் கேள்வி வந்துவிடும்.

கேள்வியோடு பெரும்பாலும் ஒரு படமும் வரும். ஏதோ இணையக் கடையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். கறுப்பு உடம்பு, சிவப்பாக மின்னும் லென்ஸ், மேலே கொட்டை எழுத்தில் 30×60. விலை இரண்டாயிரத்துக்குள். "இது 30 மடங்கு பெருசா காட்டுமாம், வாங்கலாமா?"

இதற்கு நேர் எதிராகவும் சிலர் கேட்பதுண்டு. வேலையில் நிலைத்துவிட்ட ஒருவர், கையில் பணம் இருக்கிறது, "ஒரே தடவையா வாங்கிடலாம்னு பார்க்கிறேன். ஒரு லட்சம் வரைக்கும் போடலாம். போட்டா வித்தியாசம் தெரியுமா?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வாட்ஸப்பில் துண்டு துண்டாகத் தட்டுவதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உருப்பெருக்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், வெளிச்சத்துக்குக் கொடுங்கள். முதல் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்தான் மிக அதிகமாக வேலை செய்யும். அங்கிருந்து முப்பதாயிரம் வரை போடும் பணம் சில இடங்களில், சில நேரங்களில் நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அந்தி நேரத்துக்கும் படத்தின் விளிம்புக்கும் போகிறது. அந்த அந்தியும் விளிம்பும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைனாகுலரின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 8×42 என்றால் எட்டு மடங்கு, 42 மி.மீ. லென்ஸ். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் 30×60 உண்மையாக இருந்தால் முன் லென்ஸ் ஆறு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் படத்தில் பைனாகுலர் முழுவதுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. இந்த மாதிரி ஒன்று கையில் கிடைத்தால் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள், இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உருப்பெருக்கமும் எட்டோ பத்தோதான், முப்பதெல்லாம் கிடையாது. எண்ணிலேயே பொய் சொல்கிறவர் கண்ணாடியில் மட்டும் உண்மை பேசப் போவதில்லை. அந்தச் சிவப்புப் பூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பார்க்கும் காட்சி பச்சையும் நீலமுமாக வெளிறிப்போகும். பறவையை நிறத்தை வைத்து அடையாளம் காண நினைக்கிறவருக்கு அதைவிடக் கெடுதலான பூச்சு இல்லை.

சரி, நிஜமாகவே முப்பது மடங்கு காட்டினால் நல்லதுதானே என்று கேட்கலாம். பறவையைப் பெரிதாக்கும் அதே அளவுக்குக் கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கும். கையில் பிடித்துப் பார்ப்பதற்கு எட்டு மடங்கு வசதி, பத்து மடங்கு எல்லை. அதற்கு மேல் போனால் ஸ்டாண்டு வேண்டும். மரத்துக்கு மரம் தாவும் கதிர்க்குருவியைத் துரத்த எட்டு மடங்கே சுகம். திறந்த நீர்ப்பரப்பில், கடற்கரைச் சேற்றில் பார்க்கிறவர்கள் பத்தை விரும்புவார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஸூம் பைனாகுலர்களை மட்டும் யாருக்கும் நான் சொல்வதில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில் அவற்றில் பார்ப்பது சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். 8×42க்கு 5.25 மி.மீ., 10×42க்கு 4.2, 8×25 போன்ற சட்டைப்பை பைனாகுலருக்கு மூன்றுக்குச் சற்று மேல். நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் பகல் பத்து மணிக்கு மேற்சொன்ன மூன்றும் ஒரே வெளிச்சத்தைத்தான் காட்டும். பொழுது சாயும்போது பாவை விரியும். இளம் வயதில் ஏழு மி.மீ. வரை கூட விரியும், ஐம்பதைத் தாண்டிய பலருக்கு ஐந்தோடு நின்றுவிடும். அப்போதுதான் சின்ன ஒளிவட்டம் இருட்டாகத் தெரியத் தொடங்கும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களில் இவ்வளவு பேர் ஏன் 8×42 வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். காலை ஆறரை மணிக்கும் கைகொடுக்கும், கழுத்தில் தொங்கவிட்டு நடக்கவும் பெரிய பாரமில்லை.

ஆனால் ஒரே 8×42 என்ற எண்ணைத் தாங்கிக்கொண்டு எட்டாயிரத்துக்கும் ஒன்று இருக்கிறது, இரண்டு லட்சத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. எண் ஒன்றுதான், லென்ஸும் அதே அளவுதான். பிறகு பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி கண்ணாடியின் மேல் பூசும் பூச்சுக்கும், அந்தப் பூச்சு எத்தனை பரப்புகளில் இருக்கிறது என்பதற்கும் போகிறது.

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நான்குதானே என்று தோன்றும். ஒரு பைனாகுலரின் ஒரு குழலுக்குள் முன் லென்ஸ், இரண்டு முப்பட்டகங்கள், கண் பக்கத்து லென்ஸ்கள் என்று பத்துக்கும் குறையாத பரப்புகளைத் தாண்டித்தான் ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. பத்துப் பரப்பிலும் நான்கு நான்காகப் போனால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்துபோனதும் சும்மா இருக்காது, குழலுக்குள் அங்குமிங்கும் சிதறிக் காட்சியின் மேல் பால் படிந்த மாதிரி ஒரு மங்கலைப் போட்டுவிடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தது இதற்காகத்தான். இன்று பல அடுக்குப் பூச்சு ஒழுங்காக இருந்தால் ஒரு பரப்புக்கு அரை சதவீதம் கூட இழப்பு இருக்காது.

இந்த இடத்தில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கூர்ந்து படியுங்கள். 'கோட்டட்' என்று மட்டும் இருந்தால் ஏதோ சில பரப்புகளில் ஒற்றை அடுக்கு. 'மல்ட்டி கோட்டட்' என்றால் சில பரப்புகளிலாவது பல அடுக்கு. 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்றால்தான் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. நான் யாருக்கும் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி இந்தக் கடைசி மூன்று சொற்கள்தான்.

அடுத்தது முப்பட்டகம். பைனாகுலருக்குள் படம் தலைகீழாக வரும், அதை நிமிர்த்துவது முப்பட்டகத்தின் வேலை. பழைய பாணி, அதாவது தோள்பட்டை அகன்று முன் லென்ஸ்கள் விலகி நிற்கிற பைனாகுலரில் இருப்பது போரோ முப்பட்டகம். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. குழல் நேராக, ஒல்லியாக இருப்பவை ரூஃப் முப்பட்டகம் கொண்டவை. பார்க்க ரூஃப் அழகு, பிடிக்க வசதி, தூசியும் தண்ணீரும் புகாமல் அடைப்பதும் அதில் சுலபம். கடைக்குப் போகிறவர் கை தானாக அதன் பக்கம்தான் நீளும்.

ஆனால் குறைந்த விலையில் ரூஃப் வாங்குவது பெரும்பாலும் நட்டக் கணக்கு. போரோவில் எல்லாப் பரப்பிலும் ஒளி முழுமையாக உள்ளேயே எதிரொளித்துவிடும், தனியாக ஒன்றும் பூச வேண்டியதில்லை. இன்றைய ரூஃப் பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் முப்பட்டக வகையில் ஒரு பரப்பில் அது நடக்காது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசுவது போல எதையாவது பூசியாக வேண்டும். அலுமினியம் பூசினால் அந்த ஒரு பரப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை போய்விடும். வெள்ளி பூசினால் இழப்பு குறையும். டைஎலக்ட்ரிக் என்னும் பல அடுக்குப் பூச்சு போட்டால் 99க்கு மேல் திரும்பி வரும், அதற்குச் செலவு அதிகம். இதோடு முடியவில்லை. கூரை போன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது இரண்டு பாதிகளின் அலைகளும் ஒத்துப்போகாமல் காட்சியின் கூர்மை மழுங்கும். இதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை ஸைஸ் 1988இல் கொண்டுவந்தது. மலிவான ரூஃபில் இந்த இரண்டு செலவையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். அதனால்தான் எட்டாயிரம் ரூபாய் போரோவுக்கு முன்னால் எட்டாயிரம் ரூபாய் ரூஃப் நிற்க முடிவதில்லை. பட்ஜெட் பத்தாயிரத்துக்குள் என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சமும் யோசிக்காமல் போரோ என்று சொல்வது இதனால்தான்.

நிக்கான் அக்யுலான் ஏ211 8×42, ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் ஐ இரண்டும் இந்த வகை. நம் ஊர்ப் பறவை ஆர்வலர்களில் கணிசமானவர்கள் இவற்றில் ஒன்றில்தான் தொடங்கியிருப்பார்கள். முன்னதன் பார்வைப் பரப்பு 8 பாகை, பின்னது 8.2. அதாவது ஆயிரம் மீட்டர் தூரத்தில் சுமார் 140 மீட்டர் அகலத்துக்குக் காட்சி ஒரே நேரத்தில் தெரியும். இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள நிக்கான் மோனார்க் எம்5 8×42இன் பார்வைப் பரப்பு 6.4 பாகைதான். விலை கூடினால் எல்லாமே கூடும் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான். புதிதாகப் பார்க்கிறவருக்கு அகலமான காட்சி பெரிய உதவி. குருவி கிளையில் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல, பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தால் இலை மட்டும் தெரியும் தவிப்பு அகலமான காட்சியில் பாதியாகக் குறையும்.

அப்படியானால் மூன்று மடங்கு கொடுப்பது எதற்காக? ஒரு மாலை நேரத்தைச் சொன்னால் புரியும். தென்சென்னைப் பக்கம் ஒரு ஏரிக்கரை. எங்களில் ஒருவரிடம் ஆரம்பநிலை போரோ, என்னிடம் இடைநிலை ரூஃப், நண்பர் ஒருவரிடம் ஆஸ்திரியாவில் செய்த விலை உயர்ந்த பைனாகுலர். மூன்றும் 8×42. நாலரை மணிக்கு மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நத்தை குத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளி மூன்றிலும் ஒரே மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. "இதுக்கா இவ்ளோ பணம்?" என்று போரோக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஐந்தே முக்காலுக்குச் சேற்றின் ஓரத்தில் இரண்டு பறவைகள் வந்து இறங்கின. ஒன்று பவளக்காலி, ஒன்று பச்சைக்காலி. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது, ஒன்றுக்குக் கால் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. ஆறு மணியைத் தாண்டியதும் போரோவில் இரண்டுக்கும் கால் கறுப்பாகிவிட்டது. உருவத்தை வைத்துப் பிரிக்கலாம், பழகியவருக்கு முடியும், ஆனால் நிறம் போய்விட்டது. என் ரூஃபில் இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பு தெரிந்தது. நண்பரின் பைனாகுலரில் அதற்குப் பிறகும் தெரிந்தது, சேறு படிந்த காலின் எந்தப் பகுதி ஈரமாக இருக்கிறது என்பது வரை. விளிம்பில் நின்ற நாணல் கூட நடுவில் இருப்பது போலவே கூராக இருந்தது. போரோவுக்கும் என் ரூஃபுக்கும் நடுவே இருபதாயிரம் ரூபாய், அதற்குக் கிடைத்தது அந்தியில் கொஞ்ச நேரம். என் ரூஃபுக்கும் நண்பருடையதற்கும் நடுவே இரண்டு லட்சத்துக்கு மேல், அதற்கும் கிடைத்தது இன்னும் கொஞ்ச நேரமும் விளிம்புக் கூர்மையும். இரண்டுமே உண்மையான வித்தியாசம். தினமும் சூரிய உதயத்துக்கு முன் காட்டில் இருக்கும் ஆய்வு மாணவருக்கு அந்த நேரம் பொன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மேல் ஏரிக்கு வருகிறவருக்கு அது தேவையே படாமல் போகலாம்.

இன்னொரு இடத்திலும் பணம் தெரியும். வெளிறிய வானத்துக்கு எதிரே வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் இறக்கையின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ ஒரு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி வழியே போகும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவில் வளைவதால் வரும் கோளாறு அது. இ.டி. கண்ணாடி என்று எழுதியிருந்தால் இதைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொன்றுண்ணிப் பறவைகளில் ஆர்வம் உள்ளவர்கள், இறக்கையடியின் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்து வயதையும் இனத்தையும் சொல்கிறவர்கள் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரி இடங்களில் கூடு கட்டும் பெரிய பறவைகளை மட்டும் பார்க்கிறவருக்கு இது அவசியமில்லை.

எந்தப் பணமும் உதவாத நேரமும் உண்டு. கோடியக்கரையில் காலை ஏறிவிட்டால் உப்பளத்தின் மேல் கானல் ஆடத் தொடங்கும். அப்போது தூரத்து உள்ளான் கூட்டம் எந்தக் கண்ணாடியிலும் நெளிந்துகொண்டுதான் தெரியும். விலை கூடியது அந்த நெளிவைக் கூர்மையாகக் காட்டும், அவ்வளவுதான். அங்கே பைனாகுலரை மாற்றுவதை விட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதே மேல்.

மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கண் பக்கத்து லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதற்கு ஐ ரிலீஃப் என்று பெயர். கண்ணாடி போட்டவர்களுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும், 17 இருந்தால் நிம்மதி. நான் மேலே புகழ்ந்த அக்யுலான் 8×42க்கும் டிபிஎஸ் ஐக்கும் அது 12 மி.மீ.தான். கண்ணாடியோடு பார்த்தால் அந்த 8 பாகைக் காட்சியின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவதற்குள் குருவி போய்விடும். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த வழியும் இல்லை. மோனார்க் எம்5இன் பரப்பு குறைவு என்றேன் அல்லவா, அதன் ஐ ரிலீஃப் 19.5 மி.மீ. இப்படிப்பட்டவர்களுக்கு இருபதாயிரத்துக்கு மேல் கொடுப்பது ஆடம்பரமே இல்லை, அவசியம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்த பைனாகுலரில் உட்புறம் பனி படியாது, பூஞ்சையும் எளிதில் வராது. ஆரம்பநிலை போரோக்கள் பெரும்பாலும் அப்படி அடைக்கப்பட்டவை அல்ல. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களும், வால்பாறை மாதிரி மழை விடாத இடங்களுக்கு அடிக்கடி போகிறவர்களும் அடைத்த பைனாகுலருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைச் சில வருடங்களில் திரும்பப் பெற்றுவிடுவார்கள். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தால் நம் ஊரில் திறந்து சுத்தம் செய்து மறுபடி இரண்டு குழலையும் நேராக்கித் தரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சிக்கனமும் வேண்டும், அடைப்பும் வேண்டும் என்றால் அடைத்த போரோக்களும் இருக்கின்றன. கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

இந்தத் துறையில் நல்ல கண்ணாடி எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் அதில் வேட்டைக்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மானும் காட்டுப்பன்றியும் அந்தியில்தான் வெளியே வரும் என்பதால், அந்தியில் தெளிவாகக் காட்டும் 8×56 போன்ற பைனாகுலர்களைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப்பும் இதே கண்ணாடி, இதே பூச்சு, பல சமயம் இதே நிறுவனங்கள்தான். ஸ்கோப்பில் இன்னொரு செலவு கூடும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது குறிக்கோடு இம்மியும் நகரக் கூடாது. அதனால் அங்கே பணம் முதலில் உள்ளிருக்கும் இயந்திர அமைப்புக்குப் போகும், பிறகுதான் கண்ணாடிக்கு. நல்ல கண்ணாடியும் தளர்ந்த உள்ளமைப்பும் கொண்ட ஸ்கோப்பை விட, சுமாரான கண்ணாடியும் அசையாத உள்ளமைப்பும் கொண்டதையே அனுபவசாலிகள் எடுப்பார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கு இடமில்லை. அந்தியை வெல்லக் கற்றுக்கொண்ட கண்ணாடி நமக்குப் பறவை பார்க்கக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி.

கடைக்கு நேரில் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். ஒரே மாடலில் இரண்டு பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், குறைந்த விலையில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். முதலில் கையை நீட்டி ஒரு முழத் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி, கண் பக்கத்து லென்ஸைப் பாருங்கள். இரண்டு சின்ன ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு நிழல் விழுந்து சதுரம் போலத் தெரிந்தால் முப்பட்டகத்தில் பேக்-4க்குப் பதில் மலிவான பிகே-7 கண்ணாடி போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு முன் லென்ஸில் கடையின் ட்யூப்லைட் எப்படித் தெரிகிறது என்று சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிம்பங்கள் தெரியும். எல்லாமே பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாக இருந்தால் நல்லது. நடுவில் ஒன்று பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை.

அப்புறம் வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியில் இருக்கும் கடையின் பெயர்ப்பலகையில் கீழே பொடியாக எழுதியிருக்கும் முகவரியைப் படியுங்கள். ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். கண் இழுப்பது போலவோ நெற்றியில் வலிப்பது போலவோ இருந்தால் இரண்டு குழலும் ஒரே திசையில் பார்க்கவில்லை, அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவையோ கேபிள் ஒயரையோ வானத்துக்கு எதிரே பார்த்தால் ஊதாக் கோடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஃபோகஸ் சக்கரம் திருப்பும்போது வெறுமனே சுற்றாமல், பிசிறில்லாமல் நகர வேண்டும். இத்தனையையும் பார்க்கக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், திருப்பி அனுப்பும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, வந்த அன்றே இதையெல்லாம் மொட்டை மாடியில் செய்து முடித்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு டார்ச்சை முன்பக்கமாக அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பசுமைப்படைக்கு முப்பதாயிரம் சேர்த்திருக்கோம். உசத்தியா ஒண்ணு வாங்கலாமா, சாதாரணமா மூணு வாங்கலாமா?" மூன்று. சந்தேகமே வேண்டாம். வரிசையில் நிற்கும் இருபதாவது பிள்ளையின் கைக்குப் பைனாகுலர் வருவதற்குள் மீன்கொத்தி பறந்துவிடும், அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உசத்தியான கண்ணாடியும் ஒன்றையும் காட்டாது. வாங்கும்போது இரண்டு குழலையும் நன்றாக நெருக்கி மடக்கிப் பாருங்கள். பெரும்பாலான பைனாகுலர்கள் 56 மி.மீ.க்குக் கீழே நெருங்காது, சின்னப் பிள்ளைகளின் இரண்டு பாவைக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்காது. ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு நடுவில் இரண்டு கீல் உள்ள 8×25 போன்ற சின்னது ஒன்றைச் சேர்த்து வாங்கலாம்.

எதை வாங்கினாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் சட்டை நுனிதான். கோடியக்கரை மாதிரி இடத்துக்குப் போய்வந்தால் லென்ஸில் மணலும் உப்பும் படிந்திருக்கும். அப்படியே துடைத்தால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பூச்சைத்தான் உரசுகிறீர்கள். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள், பிறகு மென்மையான தூரிகை, அதற்குப் பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி. ஏசி அறையில் வைத்திருந்த பைனாகுலரை விடியற்காலையில் வெளியே எடுத்தால் வெளி லென்ஸில் பனி படியும். துடைக்காதீர்கள், பையோடு கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் தானாகப் போய்விடும். மழைக்காலத்தில் அடைத்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும், வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம், அந்த வாணலியை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.